தோட்டம் எப்போது தாமான் ஆகிறது?

செமினிக்குப் புதிதாகப் படிக்க வரும் நம் மாணவர்கள் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றிய கேள்வி அன்று. "இங்கே ஏன் இரயில் வரவில்லை?" என்பதுதான். நியாயமான கேள்வி. எம்.ஆர்.டி. காஜாங் வரை வந்து நின்றுவிட்டது. சுங்கை பூலோ - காஜாங் தடம் 2017 ஜூலை 17ஆம் நாள் முழுமையாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து செமினிப் பட்டணம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். அந்தப் பத்துக் கிலோமீட்டரில் நான் காலை வேளைகளில் காத்துக் கிடந்த நேரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னோர் ஆய்வேடு எழுதி முடித்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரயில் வராத ஊரில் இத்தனை ஆயிரம் வீடுகள் எப்படி வந்தன? வீட்டுக்கு அனுமதி கொடுத்தவர் யார்? இரயிலுக்குப் பணம் ஒதுக்க வேண்டியவர் யார்? இருவரும் ஒருவரல்லர் என்பதைப் புரிந்துகொண்டாலே பாதி விளங்கிவிடும்.

நான் நகரத் திட்டமிடல் படித்தவன் அல்லன். பொறியியல் படித்துவிட்டு, வீடமைப்புத் திட்டங்களுக்கு வடிகால் கணக்குப் போடும் வேலையில் இருப்பவன். என் மேசைக்கு ஒரு வரைபடம் வந்து சேரும்போது முக்கியமான முடிவுகள் எல்லாம் எடுத்து முடிந்திருக்கும். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே பள்ளி என்று கோடு போட்டிருப்பார்கள். மழைநீர் எங்கே போக வேண்டும் என்பது மட்டுமே எனக்கு மிச்சம். அந்தக் கோடுகளை யார், எப்போது போடுகிறார்கள் என்ற ஆர்வத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் நாட்டு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு. இரயிலும் கூட்டரசு நெடுஞ்சாலையும் மத்திய அரசுக்கு. நகர், கிராமத் திட்டமிடல் இரண்டுக்கும் பொது. ஒரு ரப்பர்த் தோட்டத்தின் நிலப்பட்டாவில் 'விவசாயம்' என்று எழுதியிருக்கும். தேசிய நிலச் சட்டம் நிலத்தின் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்றாக வகுக்கிறது. விவசாயத்தைக் கட்டடமாக மாற்ற வேண்டுமென்றால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். அந்தப் பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. பிறகு வீடுகள் எழுந்ததும் வீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்குப் போகிறது. வருமான வரி வசூலிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. ஆகவே நிலம்தான் அதன் கறவை மாடு. இரயில் செலவோ புத்ராஜெயாவின் கணக்கில். வரவு ஒரு கையிலும் செலவு இன்னொரு கையிலும் இருக்கும்போது, வீடு முந்திக்கொள்வதும் இரயில் பிந்துவதும் வியப்பா?

இந்த இரண்டு கைகளையும் ஒன்று சேர்க்க ஒரு சட்டம் உண்டு. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். சட்டம் 172 என்று சொல்வார்கள். அதன்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் 'ரன்சாங்கான் ஸ்த்ருக்தூர்' என்னும் அமைப்புத் திட்டம் இருக்க வேண்டும். மாநிலம் எந்தத் திசையில் வளர வேண்டும், எந்தக் காட்டைத் தொடக் கூடாது, எந்தப் பட்டணம் பெரிதாகலாம் என்பதையெல்லாம் அது சொல்லும். அதற்குக் கீழே 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டம். நமக்கு முக்கியமானது இதுதான். இது வரைபடம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு வண்ணம் பூசியிருக்கும். உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள காலி நிலம் பூங்காவா, பெட்ரோல் நிலையமா, முப்பது மாடி அடுக்குமாடியா என்பதை அந்த வண்ணமும் அதனோடு குறித்திருக்கும் அடர்த்தி எண்ணும் சொல்லிவிடும். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளிவந்துவிட்டால், அதற்கு முரணாகத் திட்ட அனுமதி கொடுக்க ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

செமினி காஜாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. இந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் தோட்டங்கள். டொமினியன், ரிஞ்சிங், செமினித் தோட்டம் என்று இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் மட்டும் அந்தத் தோட்டங்கள் உயிரோடு இருக்கின்றன. தோட்டம் தாமான் ஆகும் நாள் எது? மரத்தை வெட்டும் நாள் என்று நினைக்கிறோம். புல்டோசர் வரும் நாள் என்று நினைக்கிறோம். இல்லை. வரைபடத்தில் அந்த நிலத்தின் வண்ணம் மாறுகிற நாள்தான். அது நடந்து பல ஆண்டுகள் கழித்தே புல்டோசர் வருகிறது.

இனி அந்த வண்ணம் மாறும் முறையைப் பார்ப்போம். வரைவுத் திட்டத்தை மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது சட்டம் 172. உள்ளூர்த் திட்டத்துக்கு நான்கு வாரங்களுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தவர் கேட்டால் ஒரு குழு அவரை நேரில் அழைத்துக் கேட்கும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமாக இருந்தால், ஒருவர் திட்ட அனுமதிக்கு மனு செய்யும்போது பக்கத்து நிலச் சொந்தக்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்களுக்கு 21 நாள் அவகாசம். அண்டை நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவருக்குத்தான் இந்த அறிவிப்பு வரும் என்பதைக் கவனியுங்கள். தோட்ட வீட்டில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் பட்டா கம்பெனியின் பெயரில். அறிவிப்பும் கம்பெனிக்கே.

தோட்டக் கோயில்களின் கதை இதோடு ஒட்டியது. அந்தக் காலத்தில் தோட்டத் துரை வாய்வார்த்தையாக 'கட்டிக்கொள்ளுங்கள்' என்று சொன்ன இடத்தில் மாரியம்மனுக்கோ முனியாண்டிக்கோ கோயில் எழுந்தது. காகிதம் எதுவும் இல்லை. தோட்டம் கைமாறி, வரைபடத்தில் அந்த நிலம் 'வீடமைப்பு' என்று பூசப்பட்டால், நூறாண்டு வயதுள்ள கோயில் ஒரே நாளில் 'தனியார் நிலத்தில் அனுமதியின்றி நிற்கும் கட்டடம்' ஆகிவிடுகிறது. பட்டணத்திலும் இதே நிலைதான். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையருகே இருந்த ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நின்ற நிலத்தை 2014இல் மாநகர் மன்றம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. 2025இல்தான் நாடெங்கும் அது சர்ச்சையானது. கடைசியில் பக்கத்திலேயே வேறோர் இடம் என்று முடிவானது. நாம் 2025இல் கொதித்தோம். முடிவு 2014இல் எடுக்கப்பட்டது. இடைப்பட்ட பதினோர் ஆண்டுகளை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

தமிழ்ப்பள்ளிக்கும் இடுகாட்டுக்கும் இதே கணக்குதான். புதிய வீடமைப்புத் திட்டத்தில் பத்து விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும், பள்ளிக்கு, வழிபாட்டுத் தலத்துக்கு, மயானத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் திட்டமிடல் வழிகாட்டிகள் உண்டு. ஆனால் எத்தனை மக்களுக்கு எத்தனை என்று எண்ணிக்கை பார்த்துத்தான் ஒதுக்குவார்கள். தோட்ட மக்கள் வெளியேறிய பிறகு எண்ணினால் எண்ணிக்கை எங்கிருந்து வரும்?

வரைபடத்தின் வலிமையை நீதிமன்றமே எடுத்துச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. நம்மவர் கதையும் அதில் கலந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி தாமான் ரிம்பா கியாரா என்ற 25 ஏக்கர் பூங்கா இருக்கிறது. அதன் ஓரத்தில் வரிசை வீடுகள். 'ரூமா பாஞ்சாங்' என்பார்கள். முன்பு அங்கிருந்த புக்கிட் கியாரா தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் அங்கே குடிவைக்கப்பட்டன. தற்காலிகம், விரைவில் நிரந்தர வீடு என்பது பேச்சு. ஏறத்தாழ நூறு குடும்பங்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டுகளைத் தொட்டது.

2017 ஜூலையில் மாநகர் மன்றம் அங்கே ஏறத்தாழ 12 ஏக்கரில் ஒரு பெருந்திட்டத்துக்கு மேம்பாட்டு ஆணை வழங்கியது. 42 முதல் 54 மாடி வரையிலான எட்டு அடுக்குமாடிகள். அவற்றோடு 350 வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்று. வரிசை வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகள் இந்தக் கடைசிக் கட்டடத்தோடு முடிச்சுப் போடப்பட்டன. பூங்கா வேண்டுமென்றால் ஏழைக்கு வீடு இல்லை, ஏழைக்கு வீடு வேண்டுமென்றால் பூங்கா இல்லை என்ற தோற்றம் உருவாயிற்று. இது பொய்யான எதிர்நிலை என்பது என் கருத்து. வரிசை வீடுகள் நிற்கும் இடத்திலேயே அவர்களுக்குக் கட்டிக் கொடுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்றுதான் வட்டாரத்தில் பலர் கேட்டனர்.

கோலாலம்பூருக்குச் சட்டம் 172 பொருந்தாது. 1982ஆம் ஆண்டின் சட்டம் 267 தனியாக உண்டு. அதன்படி 2004இலேயே 'கோலாலம்பூர் அமைப்புத் திட்டம் 2020' நடப்புக்கு வந்திருந்தது. அதில் இந்த இடம் பொதுப் பூங்கா. உள்ளூர்த் திட்டமோ 2008இல் வரைவாகக் காட்சிக்கு வந்து, 2018இல்தான் அரசிதழில் ஏறியது. பத்தாண்டு இடைவெளி! அந்த இடைவெளிக்குள்தான் மேம்பாட்டு ஆணை வந்தது. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான அமர்வின் தீர்ப்பு. அமைப்புத் திட்டம் என்பது அலமாரியில் அடுக்கி வைக்கும் ஆலோசனைப் புத்தகம் அன்று, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். அதிலிருந்து விலகுவதானால் மாநகர் மன்றத் தலைவர் காரணம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

பூங்கா தப்பியது, மகிழ்ச்சி. ஆனால் வண்ணம் பூசிய வரைபடத்தை ஆதாரமாகக் காட்டப் பூங்காவுக்கு முடிந்தது. வரிசை வீட்டுக்காரர்களிடம் இருந்ததோ வாய்மொழி வாக்குறுதி. இரண்டுக்கும் நீதிமன்றத்தில் எவ்வளவு எடை வித்தியாசம் என்பதை அந்த ஆறாண்டு வழக்கு காட்டிவிட்டது.

வழக்கு வரை போகாமல், மன்ற உறுப்பினரை நாமே தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்தோம். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அதைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் ஆணையம் பரிந்துரைத்தது. ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை அறவே நீக்கியது. அந்தச் சட்டத்தின் எண் 171. திட்டமிடல் சட்டத்தின் எண் 172 என்று முன்பே சொன்னேன். ஓட்டை எடுத்துக்கொண்ட சட்டமும், ஆட்சேபிக்கும் உரிமையைக் கொடுத்த சட்டமும் அடுத்தடுத்த எண்களில் நிற்கின்றன. ஓட்டுக்கு ஈடாகக் கிடைத்தது நான்கு வாரம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

யாரும் விரும்பாத திட்டங்களும் உண்டு. செமினியில் படித்தவர்களில் புரோகா மலை ஏறாதவர் அரிது. அந்த வட்டாரத்தில்தான் நாளொன்றுக்கு 1,500 டன் குப்பையை எரிக்கும் ஆலை வருவதாக இருந்தது. முதலில் பூச்சோங், கம்போங் போஹோல். அங்கே எதிர்ப்புக் கிளம்பவே 2002இல் புரோகாவுக்கு நகர்த்தினார்கள். குடிநீர் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு அருகே என்று புரோகா மக்களும் விடவில்லை. வழக்கு, மறியல் எனப் போராடினார்கள். 2007இல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. குப்பை மட்டும் எங்கும் போகவில்லை, வேறு ஊரின் மண்ணுக்குள் போனது. எதிர்க்கத் தெரியாத ஊர் எது என்று தேடிப் போகும் வழக்கம் நம் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு உண்டு.

இரயில் தடத்துக்கு இன்னும் தாராளமான அவகாசம். 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்று மாதம் காட்சிக்கு வைக்க வேண்டும். காஜாங் தடத்துக்கு 2011 பிப்ரவரி முதல் மே வரை வைத்தார்கள். எம்.ஆர்.டி.3 தடத்துக்கு 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை.

கடைசியாகப் பயனுள்ள செய்தி ஒன்று. ஆட்சேபக் கடிதத்தைக் கண்ணீரோடு எழுதுவது நம் வழக்கம். 'நூறாண்டுப் பாரம்பரியம்' என்று இரண்டு பக்கம் வரும். எந்த நிலம் என்பது வராது. குழுவின் முன் மேசையில் வரைபடம் விரிந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது லோட் எண், முக்கிம் பெயர், இப்போது என்ன வண்ணம் பூசப்பட்டிருக்கிறது, அதற்குப் பதிலாக என்ன வண்ணம் கேட்கிறீர்கள் என்பவையே. 'இந்த லோட்டில் ஒரு ஏக்கரை வழிபாட்டுத் தலம் என்று குறியுங்கள்' என்ற ஒரு வரிக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் குழுவுக்கு வந்துவிடும். லோட் எண்ணை மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடி எடுக்கலாம். கடிதம் மலாய் மொழியில் இருக்கட்டும். கொடுத்ததற்கு முத்திரை குத்திய நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு அழைப்பு வரும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.