தவளைக் கருவில் சோதனைச் சாவடி உண்டா?

ப்ளஸ் டூ தேர்வு நெருங்கிவிட்டது. இந்தப் பக்கமும் இன்றிரவே அச்சுக்குப் போயாக வேண்டும். வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன: செல் பிரியுமுன் 'சோதனைச் சாவடி'களில் நின்று டி.என்.ஏ. பழுதில்லை என்று உறுதி செய்துகொள்ளுமாம். தவளைக் கருவோ அரை மணிக்கொரு முறை பிரிகிறது. சோதிக்க நேரம் ஏது?

நேரம் இல்லைதான். 'சாவடி' என்பது வளர்ந்த செல்லைப் பார்த்து வைத்த பெயர். இளங்கருவில் சாவடிக்கான புரதங்கள் இருக்கின்றன. தடுப்புக் கட்டையை இறக்குவதுதான் இல்லை. சைக்ளின் புரதம் சேரும், செல் பிரியும், சைக்ளின் அழியும், மறுபடி சேரும். உயிரியலாளர் டிம் ஹண்ட் 1982இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில், கடல் முள்ளெலி முட்டைகளில் கண்டது இதைத்தான். உட்கருவை எடுத்துவிட்ட தவளை முட்டைகூடத் தாளம் தப்பாமல் சுருங்கி விரிகிறது. இதுவரை பாடநூலோடு எனக்குச் சண்டை இல்லை.

சிக்கல் அடுத்ததில். ஸெனோபஸ் தவளையின் முட்டை முதல் முறை பிரிய ஒன்றரை மணி நேரம். பிறகு சுமார் அரை மணிக்கு ஒன்றாகப் பதினொரு பிரிவுகள். ஏழு மணி நேரத்தில் 4,096 செல்கள். அதோடு வேகம் குறைகிறது, கருவின் சொந்த ஜீன்கள் முழுவீச்சில் விழிக்கின்றன. பன்னிரண்டு பிரிவுகள் ஆயிற்று என்று யார் எண்ணிச் சொன்னது?

யாரும் எண்ணவில்லை. இந்த நேரத்தில் கரு வளர்வதே இல்லை. தாய் முட்டையில் கட்டிக்கொடுத்ததை வைத்துத்தான் பிழைப்பு. சைட்டோபிளாசம் அதே அளவு, டி.என்.ஏ. மட்டும் இரட்டித்துக்கொண்டே போகிறது. ஒரே அண்டா சாம்பாருக்குப் பந்திக்குப் பந்தி ஆள் இரட்டிப்பானால், இது எத்தனையாவது பந்தி என்று சமையல்காரர் கணக்கு வைக்க வேண்டியதில்லை. கரண்டி அடியில் தட்டும் சத்தமே போதும்.

உவமை அழகாக இருந்தால் மட்டும் போதாதே. 1982இல் ஆய்வாளர்கள் நியூபோர்ட்டும் கிர்ஷ்னரும் ஆள் கூட்டிப் பார்த்தார்கள்: கருவுக்குள் கூடுதல் டி.என்.ஏ.வைச் செலுத்தியதும் ஜீன் வேலை முன்கூட்டியே தொடங்கியது. பழ ஈயில் ஆளைப் பாதியாக்கினால்? வழக்கமாகப் பதின்மூன்று வேகப் பிரிவுகள். ஒற்றைக் குரோமோசோம் தொகுதியுள்ள கருவில் பதினான்கு. சரியாக ஒரு பந்தி கூடுதல்!

அண்டாவில் தீர்ந்துபோவது எது? டி.என்.ஏ.வைப் படியெடுக்க உதவும் நான்கு புரதங்களைத் தவளைக் கருவில் கூட்டியபோது வேகப் பிரிவுகள் மேலும் சில முறை தொடர்ந்ததாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. 2015இல் வந்த இன்னொன்று ஹிஸ்டோன் புரதங்களைச் சுட்டியது. 'கருவின் கடிகாரம்' என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

நெருடுவது வேறொன்று. வேகக் கட்டத்தில் கதிர்வீச்சால் டி.என்.ஏ. சிதைந்த தவளைக் கரு, ஒன்றும் நடக்காததுபோல் பிரிந்துகொண்டே போகிறது. பின்னர் வரும் கேஸ்ட்ருலா கட்டத்தில்தான் செல்கள் கூட்டமாக மடிகின்றன. சோதனை உண்டு, ஆனால் ஊரே கடந்துபோன பிறகு.

மற்ற கேள்விகள்:

இந்த வேகப் பிரிவு புற்றுநோய் மாதிரிதானே? இல்லை, இது தானாக அடங்கும்.

அப்பாவின் ஜீன்கள்? வேகம் குறையும்வரை பெரும்பாலும் உறக்கம்தான்.

மனிதக் கருவும் இப்படியா? நிதானம், முதல் பிரிவுக்கே ஒரு நாள் ஆகும், சொந்த ஜீன்கள் நான்கு முதல் எட்டு செல் கட்டத்திலேயே விழிக்கும்.

செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் கருவைத் தொடர்ந்து படமெடுத்தால் குழந்தை உறுதியா? விளம்பரம் அப்படித் தொனிக்கலாம். 2024இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் பிறப்பு வாய்ப்பு குறிப்பிடும்படி உயரவில்லை.

தேர்வில் எதை எழுதுவது? பாடநூலில் இருப்பதை. மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.