கீபோர்டு டேப்ல தெரியலையா? கேபிளைத் திட்டாதீங்க

திருவிழா சீசன்ல புதுக்கோட்டைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மெல்லிசைக் கச்சேரி இருக்கும். முன்னெல்லாம் கீபோர்டு வாசிக்கிறவர் ஆட்டோவுல பெரிய பெட்டியோட வந்து இறங்குவார். இப்ப நம்ம பசங்க சின்ன மிடி கீபோர்டு ஒண்ணு, டேப்லெட் ஒண்ணு, நடுவுல ஒரு கேபிள்னு மேடை ஏறிடறாங்க. வம்பு வர்றது அந்த நடுவுல இருக்கிற கேபிளாலதான்.

போன மாசி மாசம் எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். ரூம்ல லேப்டாப்போட அருமையா வேலை செஞ்ச கீபோர்டு, மேடையில டேப்ல மாட்டினதும் பொணம் மாதிரி கிடந்துச்சு. லைட்கூட எரியல. "போச்சுடா, புகைஞ்சிடுச்சு"ன்னு நண்பன் முகம் தொங்கிடுச்சு. செமஸ்டர் ஃபீஸுக்கு வச்சிருந்த காசுல வாங்கினது அது. முதல் ரெண்டு பாட்டு கீபோர்டு இல்லாமலே ஓடுச்சு. மறுநாள் ரூமுக்கு வந்து லேப்டாப்ல மாட்டினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி பாடுது!

காரணம் இதுதான். லேப்டாப்புக்கு நாங்க போட்டது கீபோர்டோட வந்த ஏ-டு-சி கேபிள். மேடையில போட்டது டேப்போட சார்ஜர் கேபிள், அதாவது சி-டு-சி. பழைய ஏ போர்ட்டுல 5 வோல்ட் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும், யார் மாட்டினாலும் கரண்ட் உண்டு. சி போர்ட் அப்படி இல்ல. 24 பின்ல சிசின்னு ரெண்டு பின் இருக்கு. அந்தப் பக்கம் இருக்கிற கருவி 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை அந்தப் பின்கள்ல காட்டினாத்தான், "சரி, கரண்ட் கேட்கிற ஆள் வந்திருக்கார்"னு டேப் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். அது வரைக்கும் கதவு சாத்தியேதான் இருக்கும். விலை குறைவான சில கருவிகள்ல சில பைசா மிச்சம் பிடிக்க அந்த ரெசிஸ்டரைப் போடறதே இல்ல. ஏ-டு-சியில உயிரோட இருக்கும், சி-டு-சியில செத்துப்போகும்.

பெரிய இடத்துலயும் இது நடந்திருக்கு. 2019-ல வந்த ராஸ்பெரி பை 4-ன் முதல் போர்டுல ரெண்டு சிசி பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டுட்டாங்க. உள்ளே சிப் வச்ச விலை கூடின கேபிளை மாட்டினா, சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர்னு நினைச்சுக் கரண்டே தரல. பிறகு வந்த போர்டுல திருத்தினாங்க.

தீர்வு ரொம்பச் சின்னது. டேப்ல ஒரு ஓடிஜி அடாப்டர் (ஒரு பக்கம் சி, மறுபக்கம் ஏ ஓட்டை), அதுல கீபோர்டோட வந்த ஏ-டு-சி கேபிள். கீபோர்டு மறந்துபோன அந்த 5.1 கிலோ ஓம் அடாப்டருக்குள்ளேயே இருக்கு. அதைப் பார்த்து டேப் கதவைத் திறந்துடும். அடாப்டர் கைல இல்லையா? சி முனையைத் திருப்பி மாட்டிப் பாருங்க. சாதாரண கேபிளுக்குள்ள சிசி கம்பி ஒண்ணுதான் ஓடுது. ஒரு சிசி பின்னுக்கு மட்டும் ரெசிஸ்டர் வச்ச கருவி ஒரு பக்கம் வேலை செய்யும், மறுபக்கம் செய்யாது. எப்படிப் போட்டாலும் மாட்டலாம்னுதான் 2014-ல இந்த போர்ட்டையே கொண்டுவந்தாங்க, பாருங்க!

லைட் எரியுது, ஆனா ஆப்ல கீபோர்டு பேரே வரலைன்னா அது வேற கதை. டேட்டா கம்பியே இல்லாத சார்ஜிங் கேபிளா இருக்கலாம். அதே கேபிள்ல போனை லேப்டாப்போட இணைச்சு ஃபைல் தெரியுதான்னு பாருங்க, ஒரு நிமிஷத்துல முடிவு தெரிஞ்சிடும். சில ஆண்ட்ராய்டு கருவிகள்ல செட்டிங்ஸ்ல ஓடிஜியை நாமளே ஆன் பண்ணணும், கொஞ்ச நேரம் சும்மா விட்டா தானா ஆஃப் ஆகிடும். கச்சேரி நடுவுல அறிவிப்பாளர் நீளமா பேச ஆரம்பிச்சா இதை ஞாபகம் வச்சுக்குங்க.

"தண்டர்போல்ட் கேபிள்தான் வாங்கணும், வேகம் வேணும்"னு யாராவது சொன்னா காசை மடிச்சுப் பைல வச்சுக்குங்க. 1983-ல வந்த மிடியோட வேகம் வினாடிக்கு 31,250 பிட். 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ ஆடியோவைக் கணக்குப் போட்டாலும் 2.3 மெகாபிட்தான். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 480 மெகாபிட் தாங்கும்.

நம்ம குடுமியான்மலை இசைக் கல்வெட்டுல ஒரே சுரத்துக்கு உயிரெழுத்து மாறி மாறி வரும். அது எதைக் குறிக்குதுன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரல. சி போர்ட்டும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான். வடிவம் எல்லாருக்கும் தெரியும், உள்ளே என்ன ஓடுதுன்னு தெரியாது.

ஆடியோ இன்டர்ஃபேஸ்காரங்களுக்குத் தனியா ஒரு தொல்லை உண்டு. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பட்டனை அழுத்தினதும் இன்டர்ஃபேஸ் அணைஞ்சுபோனா, டேப் தர்ற கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். தனி அடாப்டர் போடற ஹப் வேணும். அப்படிச் சார்ஜரோட சேர்த்ததும் ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு உறுமல் கேட்டா, ஒரு நிமிஷம் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. உறுமல் நின்னா குற்றவாளி அதுதான். வேற சார்ஜர் மாத்துங்க.

இப்ப எங்க பைல ஓடிஜி அடாப்டர் ரெண்டு இருக்கு. ஒண்ணை டிரம்மர் எப்படியும் தொலைச்சுடுவான்.