நான்காம் நாள் கணக்கு

ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை வைத்துச் சொல்லக் கூடாது. கள்ளக்குறிச்சியில் திங்கட்கிழமை மேட்னிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பழைய தென் ஆற்காடு மாவட்டத்துச் சிற்றூர்த் தியேட்டர்களில் விநியோகஸ்தர்களின் பிரதிநிதியாக வேலை பார்த்தவன் நான். சினிமாத் தொழிலில் எங்களை ‘ரெப்’ என்பார்கள். படப்பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவோம். போஸ்டர் ஒட்டியாகிவிட்டதா என்று ஊரைச் சுற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு காட்சிக்கும் விற்ற டிக்கெட்டைக் கணக்கெழுதுவோம். இன்று ‘முதல் நாளே இத்தனை கோடி’ என்று அறிவிப்பு வரும்போதெல்லாம், அந்தக் கோடி யார் கைக்குப் போகிறது, அதை வரவழைக்கச் செலவு செய்தவர் யார் என்பதைப் படம் பார்க்கிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

கிராஸ், நெட், ஷேர்

அன்றாட வசூலை எழுதும் தாளுக்கு டி.சி.ஆர். என்று பெயர். அதில் வகுப்புவாரியாகக் கட்டம் போட்டிருக்கும். காட்சி தொடங்கும் முன் டிக்கெட் கட்டில் மேலே இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வோம். கவுன்டர் மூடியதும் நிற்கும் எண்ணைக் குறிப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விற்ற டிக்கெட். அதை விலையால் பெருக்கினால் ‘கிராஸ்’. வரியைக் கழித்தால் ‘நெட்’. நெட்டில் தியேட்டர்காரரின் பங்கு போக நிற்பது ‘ஷேர்’. மேனேஜர் ஒரு கையெழுத்து, ரெப் ஒரு கையெழுத்து. இரவோடு இரவாகத் தாள் விநியோகஸ்தர் ஆபீசுக்குப் போய்விடும்.

போஸ்டரில் போடும் ‘100 கோடி’ என்பது கிராஸ். அதில் ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் முதலில் போகும். பிறகு தியேட்டர் பங்கு. முதல் வாரம் விநியோகஸ்தருக்குப் பெரும்பங்கு, வாரம் ஏற ஏறத் தியேட்டர்காரருக்குக் கூடுதல் என்பது பழைய வழக்கம். பெரிய நடிகர் படமென்றால் முதல் வாரப் பங்கை இன்னும் அழுத்திக் கேட்பார்கள். கடைசியில் நூறில் பாதி ஷேராகத் தேறினாலே பெரிது. அந்தப் பாதியிலும் விநியோகஸ்தர் கமிஷன், டிஜிட்டல் திரையிடல் கட்டணம், விளம்பரச் செலவு எல்லாம் போன பிறகுதான் தயாரிப்பாளர் கையில் காசு விழும். நூறு கோடி செலவழித்து எடுத்த படம் நூறு கோடி வசூலித்தால் வெற்றி என்று நினைப்பது தவறு. தியேட்டர் கணக்கில் அது நஷ்டம்.

ஒரே மலை, இரண்டு ஏரியா

தமிழ்நாட்டைச் சினிமா வியாபாரம் தனி வரைபடத்தில் ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: சென்னை, செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், நெல்லை-குமரி. அரசாங்கம் தென் ஆற்காட்டை 1993-இல் பிரித்துவிட்டது. கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு இருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. ஆனாலும் படப் பேச்சு என்று வந்தால் நாங்கள் தென் ஆற்காடுதான்.

கல்வராயன் மலையில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். வெள்ளிமலைப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், ஆகவே தென் ஆற்காடு ஏரியா. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம், ஆகவே சேலம் ஏரியா. ஒரே மலை, ஒரே மக்கள், ஒரே படம். வாங்கிய விநியோகஸ்தர் இரண்டு பேர். சிவகாசியில் அச்சாகி வரும் போஸ்டரின் கீழே தியேட்டர் பெயர் போட்ட சீட்டைத் தனியாக ஒட்டுவார்கள். கிழக்கே இறங்குகிறவருக்கு ஒரு சீட்டு, மேற்கே இறங்குகிறவருக்கு வேறொரு சீட்டு.

விளம்பரம் என்னும் முதலீடு

விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டுவது இன்று வந்த பழக்கம் அல்ல. அதை இந்தியாவுக்கே செய்து காட்டியவர் ஒரு தமிழர். எஸ்.எஸ்.வாசன் விளம்பரத் தொழிலில் இருந்து வந்தவர். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கி, பிறகு ஜெமினி ஸ்டூடியோவை நிறுவினார். 1948 ஏப்ரலில் வெளியான ‘சந்திரலேகா’வுக்கு முப்பது லட்சம் ரூபாய் செலவானதாகச் சொல்வார்கள். தமிழில் மட்டும் அந்தப் பணம் திரும்பாது என்று கண்டதும், அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் கொண்டுபோனார். பத்திரிகைகளில் சினிமா விளம்பரம் சில அங்குலம் வந்துகொண்டிருந்த காலத்தில் முழுப் பக்கம் கொடுத்தார். படத்துக்கு அறுநூறுக்கு மேல் பிரதிகள் போட்டார். வடநாட்டார் தென்னாட்டு சினிமாவைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

1978-இல் ‘பைரவி’யைச் சென்னையில் வெளியிட்ட கலைப்புலி எஸ்.தாணு, பிளாசா தியேட்டரில் ரஜினிகாந்துக்கு 35 அடி கட்-அவுட் வைத்தார். அதே தாணு 2016-இல் ‘கபாலி’யைத் தயாரித்தபோது ஒரு விமான நிறுவனம் தன் விமானத்தின் மேலேயே ரஜினியை வரைந்து பறக்கவிட்டது. அதற்குள் வியாபாரம் மாறிவிட்டது. விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மட்டும் செலவழித்த காலம் போய், படத்தின் பெயரால் தன் பொருளை விற்க நினைக்கும் கம்பெனியும் சேர்ந்து செலவழிக்கும் காலம் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2008-இல் ‘காதலில் விழுந்தேன்’ மூலம் சன் பிக்சர்ஸ் இறங்கியபோது இன்னொரு மாற்றம். சொந்தமாக டி.வி. வைத்திருப்பவர் மணிக்கொரு முறை விளம்பரம் போடலாம். அதே நேரத்தை வெளியே காசு கொடுத்து வாங்கும் சின்னத் தயாரிப்பாளர் அவரோடு எப்படிப் போட்டியிட முடியும்?

அமெரிக்காவில் விளம்பரச் செலவின் திருப்பம் 1975 ஜூனில் வந்தது. ‘ஜாஸ்’ படத்துக்கு யுனிவர்சல் ஸ்டூடியோ டி.வி. விளம்பரத்துக்கு மட்டும் ஏழு லட்சம் டாலர் செலவழித்து, 464 தியேட்டர்களில் ஒரே நாளில் திறந்தது. அதுவரை பெரிய படம் என்றால் சில நகரங்களில் தொடங்கி மெல்லப் பரவும். 2023-இல் ‘பார்பி’ வந்தபோது எடுத்த செலவு 14.5 கோடி டாலர், விளம்பரம் 15 கோடி டாலர் என்று ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதின. விளம்பரம் படத்தையே மிஞ்சிவிட்டது. ஒரே நாளில் எல்லா ஊரிலும் திறப்பதால் நன்மையும் உண்டு. படம் மோசம் என்ற பேச்சு பரவுவதற்குள் மூன்று நாள் வசூலை அள்ளிவிடலாம்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்

இந்த மூன்று நாள் கணக்கில் சேராத ஒரு ரசிகர் இருக்கிறார். கல்வராயன் மலையூர்க்காரர் படம் பார்க்க வேண்டுமென்றால் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வர வேண்டும். கடுக்காய், புளி, மரவள்ளி விற்க வரும் நாளோடு படத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆட்டம் பார்த்தால் திரும்ப பஸ் கிடையாது. அதனால் அவர்களுக்குத் தோதானது மேட்னி. டிக்கெட் காசு மட்டும் அவர்கள் செலவு அல்ல. பஸ் கூலி, சாப்பாடு, ஒரு நாள் வேலை எல்லாம் சேர்ந்ததுதான் படத்தின் விலை.

கவுன்டர் பக்கம் வந்து நின்று, “படம் எப்படிண்ணே, புள்ளைங்கள கூட்டியாரலாமா?” என்று கேட்பார்கள். வாசலில் 24 ஷீட் போஸ்டர் இருக்கும், ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். ஆனாலும் மனிதரைக் கேட்டுத்தான் முடிவு. முதல் நாள் வருகிறவன் நடிகருக்காக வருகிறான், அவனை விளம்பரம் கூட்டி வரும். நாலாம் நாள் வருகிறவர் படத்துக்காக வருகிறார், அவரைப் பார்த்தவர் சொன்ன வார்த்தைதான் கூட்டி வரும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளில் கரும்புப் பணம் பட்டுவாடா ஆகிற வாரத்தில் மூன்றாம் வாரப் படத்துக்கும் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டியதுண்டு.

‘சேது’ படத்தை 1999-இல் வாங்க ஆளில்லை. வெளியான பிறகு வாய்ப்பேச்சே அதை நூறு நாள் ஓட்டியது. 2025 மே முதல் தேதி பெரிய நடிகர் படமான ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு வாரம் ஏற ஏறக் கூட்டம் கூடியது. விளம்பரம் மூன்று நாளை வாங்கித் தரும். நான்காம் நாளை எந்தப் பணமும் வாங்கித் தராது.

கணக்கு ஏன் வெளியே வருவதில்லை?

இன்று நான்கு வாரத்தில் படம் ஓ.டி.டி.க்குப் போய்விடுகிறது. தாமதமாக வரும் சிற்றூர் ரசிகருக்காக யாரும் காத்திருப்பதில்லை. அதனால் பணமெல்லாம் முதல் மூன்று நாளைப் பெரிதாகக் காட்டுவதற்கே போகிறது. ‘எம்.ஜி.’ என்னும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து ஏரியா வாங்கியவர் அந்த விளம்பரச் சத்தத்தை நம்பி விலை கொடுக்கிறார். 2014 டிசம்பரில் வந்த ‘லிங்கா’வை வாங்கிய விநியோகஸ்தர்கள் அடுத்த மாதமே நஷ்டஈடு கேட்டுச் சென்னை வள்ளுவர் கோட்டத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். வசூல் கோடிகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிற்றூர்களில் கணக்கு சரியாக வராததற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அரங்கின் கொள்ளளவைப் பார்த்து வாரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டும் ‘காம்பவுண்டிங்’ முறை சின்னத் தியேட்டர்களுக்கு இருந்தது. எத்தனை பேர் பார்த்தாலும் வரி மாறாது. ஆகவே தலையை எண்ண அரசாங்கத்துக்கு அவசியம் இல்லை. எண்ணியவன் ரெப் ஒருவன்தான். 2018 மார்ச் முதல் தேதி தொடங்கி ஒன்றரை மாதம் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை நிறுத்தி வைத்தார்கள். டிஜிட்டல் திரையிடல் கட்டணத்துக்கு எதிரான போராட்டம் அது. எல்லாத் தியேட்டர்களிலும் கணினி டிக்கெட் என்பதும் அப்போது பேசி முடித்தவற்றில் ஒன்று. ஆனால் கணினியில் ஏறிய கணக்கு மக்கள் பார்வைக்கு இன்னும் வரவில்லை.

தென் கொரியாவில் கொரியத் திரைப்பட மன்றம் நாடு முழுவதும் உள்ள தியேட்டர்களைக் கணினியால் இணைத்து, எந்தப் படத்துக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்று தினமும் வெளியிடுகிறது. யாரும் பார்க்கலாம். ஆயிரத்துச் சொச்சம் திரைகள் உள்ள தமிழ்நாட்டில் அது முடியாத காரியம் அல்ல. ஜி.எஸ்.டி.க்காக ஒவ்வொரு டிக்கெட்டும் எப்படியும் பதிவாக வேண்டியதுதானே. அந்தப் பதிவை ஊர்வாரியாக மக்களுக்கும் திறந்து வைத்தால் போதும். கள்ளக்குறிச்சியில் எந்தப் படம் நின்றது, எது விழுந்தது என்று சென்னையில் இருக்கும் தயாரிப்பாளருக்குத் தெரியும். விளம்பரத்தில் எவ்வளவு வீண் என்பதும் தெரியும். மிச்சமாகும் பணம் நல்ல கதைக்குப் போகும்.

அடுத்த முறை ஒரு போஸ்டரில் கோடிக்கணக்கைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது கிராஸா, ஷேரா? எத்தனை நாள் வசூல்? சொன்னவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண் விளம்பரம்தான், வசூல் அல்ல. டிக்கெட் விற்பனையை அன்றன்றே வெளியிட வேண்டும் என்று தமிழக அரசு சட்டம் கொண்டுவர வேண்டும்.