கடற்கரையில் பாராமோட்டார்: திரும்பும்போதுதான் ஆபத்து!

நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகு குழாமில் படகு ஏறி பாரடைஸ் கடற்கரையில் இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில் மணல். இப்படி ஒரு வெட்டவெளியை பார்த்தாலே பாராமோட்டார் பிரியர்களுக்கு கால் பரபரக்கும். முதுகில் என்ஜின், தலைக்கு மேலே துணி இறக்கை. ஓடி கிளம்ப வேண்டியதுதான். ஆனால் கடற்கரையில் இதற்கு ஒரு வில்லங்கம் உண்டு.

பாராமோட்டாரை காற்றுக்கு எதிராகத்தான் கிளப்ப வேண்டும். நம்ம ஊர் கரையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று வீசும்போது கடலை பார்த்துதான் ஓட வேண்டும். ஏறின கொஞ்ச நேரத்தில் காலுக்கு கீழே தண்ணீர். முதல் திருப்பமே அங்கேதான்.

இறக்கையின் வேகம் மணிக்கு 36 கிலோ மீட்டர், காற்றின் வேகம் 18 என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் போகும்போது கீழே பார்த்தால் 18 கிலோ மீட்டர் வேகம்தான் தெரியும். கரைப்பக்கம் திரும்பியதும் அதுவே 54 ஆகிவிடும். 'என்னடா, இவ்வளவு வேகமா போகுது' என்று பயந்து இரண்டு பிரேக் கயிறையும் இழுத்தால் போச்சு. காற்றில் இறக்கையின் வேகம் அதே 36 தான். அதையும் குறைத்தால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்து சரியும். தாழ்வாக பறந்தால் ரிசர்வ் பாராசூட் விரியக்கூட நேரம் இருக்காது.

எப்படி திரும்புவது?

முதலில் போதிய உயரம் வேண்டும். அந்த பக்கம் வேறு யாரும் பறக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, உடம்பை சாய்த்து, அதே பக்க பிரேக்கை மெதுவாக இழுக்க வேண்டும். விடும்போதும் மெதுவாகத்தான். பறப்பவர் இறக்கைக்கு கீழே ஊஞ்சல் மாதிரி தொங்குகிறார். பிரேக்கை வெடுக்கென்று விட்டால் இறக்கை முன்னால் பாயும், ஆள் ஊசலாடுவார். தரைக்கு பக்கத்தில் அந்த ஆட்டம் நேராக மணலில் கொண்டுபோய் மோதும். இறங்கும் கடைசி நேரத்தில் பெரிய திருப்பம் போடுவதைவிட, காற்று கொஞ்சம் பக்கவாட்டில் வந்தாலும் நேராக இறங்குவதே மேல்.

புரொப்பல்லர் சுழற்சியும் ஆளை ஒரு பக்கம் திருப்ப பார்க்கும். என்ஜினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க பிரேக்கை வலிந்து இழுப்பது விபரீதம். வேகத்தை குறைத்துவிட்டே திரும்ப வேண்டும்.

கர்நாடக மாநிலம் கார்வார் கடற்கரையில் 2020-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி மோட்டார் பாராகிளைடர் கடலில் விழுந்ததில் கடற்படை அதிகாரி ஒருவர் பலியானார். உடன் பறந்த பயிற்சியாளர் உயிர் தப்பினார். தண்ணீரில் விழுந்தால் முதுகில் இருக்கும் என்ஜின் ஆளை உள்ளே இழுக்கும். இறக்கையின் கயிறுகள் கை, காலில் சுற்றிக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான்.

அதனால் கடலுக்குள் நேராக போகாமல் கரையை ஒட்டியே பறக்க வேண்டும். என்ஜின் நின்றாலும் மிதந்து மணலுக்கு வந்து சேரும் உயரத்தை விடக்கூடாது. லைப் ஜாக்கெட்டை கிளம்பும் முன்பே அணிந்திருக்க வேண்டும்; கயிறு அறுக்கும் கத்தி கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். பயணியாக போகிறவர்களும் கிளம்பும் முன்பே இதை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.