குறுக்கே ஒரு பட்டை

சுருள் கேலக்ஸி என்றதும் உருண்டையான நடுப்பகுதியும் அதைச் சுற்றி வளையும் கைகளும்தான் நினைவுக்கு வரும். என்ஜிசி 1300 அப்படி இல்லை. இதன் நடுவே நீளமாக ஒரு பட்டை ஓடுகிறது; அதன் இரு முனைகளிலிருந்துதான் கைகள் சட்டென்று திரும்பிப் புறப்படுகின்றன. பட்டைச் சுருள் கேலக்ஸிக்குப் பாடப்புத்தக உதாரணம் கேட்டால் வானியலாளர்கள் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

1835-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை அலசிக்கொண்டிருந்த ஜான் ஹெர்ஷலின் கண்ணில் பட்டது இது. தொலைவு சுமார் 6 கோடி ஒளியாண்டு. குறுக்களவு 1 லட்சம் ஒளியாண்டுக்கு மேல்.

2004-இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை மஞ்சளாக இருக்கும். அங்கே வயதான விண்மீன்களே அதிகம். கைகளின் நீலம் இளம் விண்மீன்களுடையது. நடுநடுவே சிவப்புத் திட்டுகள்: புது விண்மீன்கள் பிறக்கும் ஹைட்ரஜன் மேகங்கள். என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட முக்கியம் பட்டையின் நெடுகே தெரியும் இரண்டு மெல்லிய கருங்கோடுகள்.

பட்டை என்பது கெட்டியான பொருளல்ல. விண்மீன்கள் மிக நீண்ட பாதைகளில் சுற்றுகின்றன. அந்தப் பாதைகள் ஒரே பக்கமாக நீண்டு கிடப்பதால் நமக்குப் பட்டை தெரிகிறது. விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது அபூர்வம். வாயு மேகங்கள் அப்படியல்ல. பட்டையின் ஈர்ப்பில் சிக்கி முட்டிக்கொள்கின்றன, நெருக்கப்படுகின்றன. அந்த நெரிசலில் சேர்ந்த தூசிதான் கருங்கோடு. முட்டிய வாயு சுற்றும் உந்தத்தை இழந்து மையத்தை நோக்கிச் சரிகிறது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் போலத்தான் பட்டை வேலை செய்கிறது.

அப்படிப் போன வாயு என்ன ஆனது? மையத்தில் 3,000 ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான அகலத்தில் இன்னொரு குட்டிச் சுருள் இருக்கிறது. சுருளுக்குள் சுருள்! வேடிக்கை என்னவென்றால், இத்தனை ஏற்பாடு இருந்தும் மையத்தில் கருந்துளை வாயுவை விழுங்கிக் கொந்தளிக்கும் அடையாளம் ஏதும் தெரியவில்லை.

இப்படிப்பட்ட கேலக்ஸிகள் அபூர்வமல்ல. நம் அக்கம்பக்கத்துச் சுருள் கேலக்ஸிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில் பட்டை உண்டு. நம் பால்வழியிலும் உண்டு. உள்ளேயே இருப்பதால் நமக்கு அது எளிதில் புலப்படவில்லை. 1960-களில் எழுந்த ஊகத்தை அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் பின்னர் உறுதிசெய்தன.

ஜனவரி மாத முன்னிரவில் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் என்ஜிசி 1300 தெற்கே நல்ல உயரத்தில், ஓரியனின் ரைஜல் விண்மீனுக்குத் தென்மேற்கே இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஊர் வெளிச்சம் எட்டாத இடமும் எட்டு அங்குலத் தொலைநோக்கியும் வேண்டும். நிறங்களை எதிர்பார்க்காதீர்கள், சாம்பல் நிறத்தில் நீள்வாக்கில் ஒரு மங்கல் தெரிந்தாலே நல்ல வானம் வாய்த்தது என்று பொருள்.