'க' ஒன்று, ஒலி மூன்று!
பெங்களூருத் தமிழ்க் குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தரும் முறை

பெங்களூருவில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலர் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை மட்டும் படிக்கத் தெரியாது. "இரண்டு மொழியே பாரம், மூன்றாவது எதற்கு?" என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பயம் தேவையற்றது. கன்னட எழுத்துத் தெரிந்த குழந்தை பாதி வழி வந்துவிட்டது. குறில், நெடில், மெய்யோடு உயிர் சேர்வது எல்லாம் இரு மொழிக்கும் பொது. ல, ள வேறுபாடு அங்கும் உண்டு. 'ழ', 'ற' இரண்டும் புதியவை. பழங்கன்னடத்தில் இருந்து, பின்னர் வழக்கொழிந்தவை அவை.

குழந்தையின் கேள்வி

"கன்னடத்தில் 'க' நாலு இருக்கே, தமிழில் ஏன் ஒன்று?" என்று குழந்தை நிச்சயம் கேட்கும். நல்ல கேள்வி! கல், தங்கம், மகன் என்று சொல்லச் சொல்லுங்கள். எழுத்து ஒன்றே, நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது. சொல்லின் முதலில் வன்மை, 'ங்' பக்கத்தில் மென்மை, நடுவில் தனியே வந்தால் இன்னும் தளர்ச்சி. விதியை மனப்பாடம் செய்விக்க வேண்டாம். தமிழ் பேசும் வாய்க்கு அது முன்பே தெரியும்.

மெய்யெழுத்தை 'இக், இங்' என்று சொல்லித் தருவது நம் வழக்கம். பெயர் என்ற அளவில் சரி. எழுத்துக் கூட்டும்போதுதான் தொல்லை. 'அ, இம், மா' என்று கூட்டும் குழந்தை 'அம்மா'வுக்கு வந்து சேராமல் விழிக்கும். உதட்டை மூடி 'ம்' என்று ஒலியை மட்டும் நீட்டச் சொல்லுங்கள்.

கைக்கு எளியது 'ட'

'அ' முதல் எழுத்தாக இருக்கலாம். பிஞ்சுக் கைக்கு அது எளிதல்ல. சுழி, வளைவு, கோடு எல்லாம் அதில் இருக்கின்றன. எழுதுவதற்கு 'ட' நல்லது. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அந்த முனையை மேலே ஏற்றினால் 'ப'. ஏற்றிய கோட்டை உள்பக்கமாக வளைத்து இறக்கினால் 'ம'. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் போதும். படம், மடம், பட்டம், மட்டம் எழுதிவிடலாம். தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதட்டும், பிறகு சிலேட்டு.

'கெ, கே, கை' வரிசைக்கு அவசரப்படக் கூடாது. கன்னடத்தில் 'கெ'யின் குறி எழுத்தின் தலைமேல் இருக்கிறது. தமிழிலோ கொம்பு முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இரு பக்கமும் குறி! நாள் பிடிக்கும்.

வீட்டில் தாத்தா இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவர் எழுதும் 'லை'க்குத் துதிக்கை இருக்கலாம். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது முதல் பாடநூல்களில் அது இல்லை. அவருடைய பழைய கடிதங்களைப் பேரன் எடுத்துப் பார்க்கும் வயதில் துதிக்கையைக் காட்டிக்கொள்ளலாம்.