தஸ்நேவிஸ் என்னும் பெயர்

எம் பாட்டனார் பெயர் தஸ்நேவிஸ். தூத்துக்குடிப் பரதவர் குடும்பங்களில் வழங்கிவந்த இப்பெயர் எம் தலைமுறையில் எம் வீட்டில் ஒருவர்க்கும் இல்லை. முதற்கண் நிற்கும் 'தஸ்' என்பதைத் 'தாஸ்' எனக் கொண்டு, அடியான் என்று யாமும் நெடுநாள் பொருள் கொண்டிருந்தோம். அது பிழை.

போர்த்துக்கேய மொழியில் 'நேவெஸ்' என்பது உறைபனியைக் குறிக்கும் பன்மைச் சொல். 'தஸ்' என்பது நம் ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தருவது. ஆகவே இப்பெயர் 'பனிகளின்' என்று பொருள்படும். 'பனிகளின் அன்னை' என்னும் தொடரின் ஒரு கூறே ஆட்பெயராயிற்று.

ரோமாபுரியின் எஸ்குவிலின் குன்றில், ஆகஸ்டு மாதக் கோடையில் உறைபனி பெய்து, தேவமாதாவின் ஆலயத்திற்கு இடங்காட்டிற்று என்பது பழங்கதை. ஆகஸ்டு 5 திருநாளானது அதனாலேயே. 1530-களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றபின் போர்த்துக்கேயப் பெயர்கள் இக்கரையில் வேரூன்றின. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர்; போர்த்துக்கேயர் ஆட்சி ஒழிந்தது; பெயர் ஒழியவில்லை. 1713-இல் எழுந்த பனிமய மாதா ஆலயம் அதற்குத் துணையாயிற்று.

ஜப்பானியர் பனியின் பெயராகிய 'யுகி' என்பதை மக்கட்கு இடுவர். அவர்கள் பனியைக் கண்ணாற் கண்டவர். நம் முன்பனியும் பின்பனியும் துளிப்பனியே. உறைபனியை இக்கரை கண்டதில்லை. காணாத ஒன்றின் பெயரை முத்துக்குளித்தோர் நானூறு ஆண்டு சுமந்தனர்.

பொருளறியாது ஒரு பெயரைக் கைவிடுதல் எளிது. அறிந்தபின் எமக்கு அஃது எளிதன்று.